அ³ + ப³, அ³ − ப³: காரணிப்படுத்தும்போது குறி ஏன் குழப்புகிறது?

கேள்வி (ஒரு மாணவியின் தாயார்), 3 ஜூலை 2023, மாலை 6.10

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கனங்களின் கூடுதலுக்கும் வித்தியாசத்துக்கும் உரிய இரண்டு சூத்திரங்களையும் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் தேர்வுத்தாளில் நடு உறுப்பின் குறி மாறிவிடுகிறது. அவள் என்னிடம் கேட்பது இது: அ² + ப² என்பதைக் காரணிப்படுத்த முடியாது என்று ஆசிரியர் சொல்கிறார், அப்படியானால் அ³ + ப³ என்பதை மட்டும் எப்படிக் காரணிப்படுத்த முடிகிறது? மனப்பாடம் செய்வதைத் தவிர இதற்கு வேறு வழி உண்டா?

குறிப்பு, 3 ஜூலை 2023, இரவு 9.30

சூத்திரத்தை நினைவில் வைப்பது எப்படி என்பதை விட, உங்கள் மகள் கேட்டிருக்கும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை கிடைத்தால் முதல் சிக்கல் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

அ இருக்கும் இடத்தில் −ப என்று இட்டுப் பாருங்கள். அ³ + ப³ என்பது −ப³ + ப³ ஆகிப் பூச்சியமாகிறது. அ² + ப² என்பதோ ப² + ப² ஆகி, 2ப² என்று நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதுதான். குறை எண்ணின் வர்க்கம் குறியை இழந்துவிடுகிறது. அதன் கனம் குறியைக் காப்பாற்றிக்கொள்கிறது. எந்த மதிப்பை இட்டால் ஒரு கோவை பூச்சியமாகிறதோ, அந்த மதிப்பு அதன் ஒரு காரணியைக் காட்டிக்கொடுக்கிறது என்பதே அவள் படிக்கும் காரணித் தேற்றம். அ = −ப என்னும்போது பூச்சியம் என்றால் (அ + ப) ஒரு காரணி. அ³ − ப³ என்பதில் அ = ப என்று இட்டால் பூச்சியம் கிடைப்பதால் அங்கே (அ − ப) ஒரு காரணி.

எனவே முதல் அடைப்பின் குறியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. "எப்போது பூச்சியமாகும்?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

(மாறிகளுக்கு இங்கே தமிழ் எழுத்துகளை இடுகிறேன். பாடநூலில் உள்ள எழுத்துகளை வைத்துப் படித்தாலும் கணக்கு மாறாது.)

குறிப்பு, 4 ஜூலை 2023, காலை 7.05

இரண்டாவது அடைப்பைப் பற்றி நேற்று எழுதவில்லை; குழப்பம் நேர்வது பெரும்பாலும் அங்கேதான். தொகுமுறை வகுத்தலால் (கோவையைக் கோவையால் வகுக்கும் ஒரு சுருக்க முறை) அதைப் பெறலாம் என்றாலும், பெருக்கிக்கொண்டே கட்டியெழுப்பும் வழியைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்டுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு குறியும் எந்தத் தேவையால் வருகிறது என்பது அதில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

(அ + ப) என்பதை எதனால் பெருக்கினால் அ³ + ப³ கிடைக்கும்? அ³ வேண்டும் என்பதால் முதலில் அ² எழுதியே ஆக வேண்டும். அப்படி எழுதியவுடன், கேட்காத அ²ப என்ற உறுப்பும் கூடவே வந்து சேர்கிறது. அதை நீக்க அடுத்த உறுப்பாக −அப எழுதுகிறோம். அது அ²ப என்பதை நீக்கிவிட்டு −அப² என்ற புதிய உறுப்பை விட்டுச்செல்கிறது. இதையும் நீக்க +ப² எழுதுகிறோம். இப்போது மீந்திருப்பது ப³ மட்டுமே; நமக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே,

அ³ + ப³ = (அ + ப)(அ² − அப + ப²)

வித்தியாசத்துக்கும் இதே நடைதான். (அ − ப) என்பதை அ² ஆல் பெருக்கும்போது −அ²ப வருகிறது. அதை நீக்க +அப தேவை. அது −அப² என்பதை விட்டுச்செல்வதால் +ப² தேவை. இறுதியில் −ப³ நிற்கிறது.

அ³ − ப³ = (அ − ப)(அ² + அப + ப²)

நடு உறுப்பின் குறி முதல் அடைப்பின் குறிக்கு எதிராக இருப்பதற்குக் காரணம் இதுவே: முதல் அடைப்பு உண்டாக்கும் வேண்டாத உறுப்பை நீக்குவதுதான் நடு உறுப்பின் வேலை. இதை ஒரு மாணவி தன் கையாலேயே ஓரிரு முறை செய்துவிட்டால், பிறகு அவள் எழுதும் குறி கண்ணை மூடிக்கொண்டு எழுதிய குறியாக இருக்காது.

குறிப்பு, 4 ஜூலை 2023, இரவு 10.15

தேர்வறையில் இவ்வளவு யோசிக்க நேரம் இருக்காது, சூத்திரத்தை மனப்பாடமாக எழுதுவதே பாதுகாப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனப்பாடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. மனப்பாடம் செய்தது சரிதானா என்று பார்க்கும் வழியும் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அந்த வழி மிக எளிது. அ = 2, ப = 1 என்று இடுங்கள். அ³ + ப³ என்பது 9. வலப்பக்கம் (2 + 1)(4 − 2 + 1), அதாவது 3 × 3, பொருந்துகிறது. நடுவில் தவறாகக் கூட்டல் குறி இட்டிருந்தால் 3 × 7 = 21 வந்து தவறு அம்பலமாகியிருக்கும். நடு உறுப்பை −2அப என்று எழுதியிருந்தால் 3 × 1 = 3 வந்திருக்கும்; அதுவும் பிடிபட்டுவிடும். வித்தியாசத்துக்கு 8 − 1 = 7; வலப்பக்கம் 1 × 7.

சோதிக்கும்போது அ = ப = 1 என்று மட்டும் இடாதீர்கள். வித்தியாசத்தில் (அ − ப) பூச்சியமாகிவிடுவதால், இரண்டாவது அடைப்பில் என்ன பிழை இருந்தாலும் இரு பக்கமும் பூச்சியம் என்றே வரும். விரைவாகச் சரிபார்க்க நினைக்கும் மாணவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இந்த 1-ஐத்தான்.

குறிப்பு, 6 ஜூலை 2023

குறியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தும்போது நான் காணும் பிழைகளில் பாதிக்கு மேல் குறியால் வருவதில்லை. எது எதன் கனம் என்று அடையாளம் காண்பதில்தான் வருகின்றன. 8ய³ என்பதைப் பார்த்ததும் அதன் கன மூலத்தை 8ய என்று எழுதுகிறார்கள். மாறியின் அடுக்கு மட்டும் கண்ணில் பட்டு, முன்னால் உள்ள கெழு விடுபட்டுப்போகிறது. 27-க்கு 9 என்று எழுதுபவர்கள் மூன்றால் வகுத்துவிடுகிறார்கள். 64 வந்தால் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அது 8-இன் வர்க்கமாகவும் 4-இன் கனமாகவும் இருக்கிறது.

அதனால் எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் ஓரத்தில் இரண்டு வரிகள் எழுதச் சொல்கிறேன். 64ய³ + 125 என்றால், "அ = 4ய, ப = 5". அதன் பிறகு "அ² = 16ய², அப = 20ய, ப² = 25". இவற்றை எழுதி முடித்த பிறகே விடைக்குப் போக வேண்டும்: (4ய + 5)(16ய² − 20ய + 25).

இங்கே வேறொரு பிழையும் காத்திருக்கிறது. 16ய² என்றும் 25 என்றும் கண்டவுடன், பழகிய கை (4ய − 5)² என்பதன் விரிவை நினைத்து நடுவில் −40ய எழுதிவிடுகிறது. கீழ்வகுப்பில் படித்த (அ − ப)² அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஓரத்தில் "அப = 20ய" என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை நேர வாய்ப்பில்லை.

16ய³ − 54 போன்ற கணக்கில் 16-உம் 54-உம் கனங்கள் அல்ல என்று சொல்லிப் பேனாவை வைத்துவிடுபவர்கள் உண்டு. பொதுக் காரணியை முதலில் வெளியே எடுத்தால் 2(8ய³ − 27) ஆகிறது. விடை 2(2ய − 3)(4ய² + 6ய + 9).

குறிப்பு, 9 ஜூலை 2023

சூத்திரம் எழுத்தாக மட்டுமே இருப்பதால் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று தாயார் எழுதியிருக்கிறார். கழித்தலுக்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு நிரூபணம் உண்டு. அதை வகுப்பில் சேனைக்கிழங்கை வைத்துச் செய்வேன். உருளைக்கிழங்கில் பெரிய கனசதுரம் கிடைக்காது. சேனையில் 6 செ.மீ. பக்கமுள்ள ஒன்றை ஓரளவு செம்மையாக வெட்ட முடியும். கை அரிக்கும் என்பதால் வெட்டும் முன் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும்.

அந்த 6 செ.மீ. கனசதுரத்தின் ஒரு மூலையில் 4 செ.மீ. பக்கமுள்ள சிறிய கனசதுரத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டியெடுக்க வேண்டும். முதலில் மேற்புறத்திலிருந்து 2 செ.மீ. தடிமனுள்ள முழுப் பலகை ஒன்றைச் சீவியெடுங்கள். அதன் அளவு 6 × 6 × 2, கன அளவு 72. இப்போது மீந்திருப்பது 6 × 6 அடியும் 4 உயரமும் கொண்ட துண்டு. அதன் பக்கவாட்டில் மீண்டும் 2 செ.மீ. தடிமனில் ஒரு பலகை. அளவு 6 × 4 × 2, கன அளவு 48. கடைசியாக முன்புறத்தில் இன்னொரு பலகை. அளவு 4 × 4 × 2, கன அளவு 32. மீதி நிற்பது நாம் குறித்துவைத்த 4 செ.மீ. கனசதுரம்.

வெட்டிய மூன்று பலகைகளையும் வரிசையாக மேசையில் அடுக்குங்கள். மூன்றும் ஒரே தடிமன், 2 செ.மீ.; அதாவது அ − ப. அவற்றின் முகப்பரப்புகள் 36, 24, 16. அதாவது அ², அப, ப². மொத்தக் கன அளவு 2 × 76 = 152. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தாலும் 216 − 64 = 152. மூன்று உறுப்புகளும் ஏன் கூட்டல் குறியோடு நிற்கின்றன என்பதற்கு மூன்று பலகைகளும் உண்மையான துண்டுகள் என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

கூட்டலுக்கு இதே எளிமையோடு வெட்டிக் காட்ட முடியாது. அங்கே ஒரு துண்டைக் கழித்தாக வேண்டியிருக்கிறது. அ² அடியும் (அ + ப) உயரமும் கொண்ட பெட்டியை எடுத்துக்கொண்டால், அதில் பெரிய கனசதுரமும் அதன் மேல் சிறிய கனசதுரமும் அடங்கிவிடும்; சிறியதைச் சுற்றியுள்ள வெற்றிடம் ப(அ² − ப²). அதை நீக்கினால் அ²(அ + ப) − ப(அ − ப)(அ + ப), அதாவது (அ + ப)(அ² − அப + ப²). நடுவில் உள்ள கழித்தல் குறி அந்த வெற்றிடத்திலிருந்து வருகிறது.

குறிப்பு, 10 ஜூலை 2023

"அ² − அப + ப² என்பதை மேலும் பிரித்துவிடலாம்" என்று ஒரு மறுமொழி வந்திருக்கிறது. மெய்யெண் கெழுக்களைக் கொண்டு பிரிக்க முடியாது. அ-வை மாறியாகக் கொண்ட இருபடிக் கோவையாக இதைப் பார்த்தால், தன்மைகாட்டி (குறை எண்ணானால் மெய்யெண் காரணிகள் இல்லை என்று காட்டும் அளவு) ப² − 4ப² = −3ப². ப பூச்சியமாக இல்லாத வரை அது குறை எண்தான். நடுவில் கூட்டல் குறி இருந்தாலும் இதே −3ப² தான். குறை எண்ணுக்கும் வர்க்க மூலம் தரும் கலப்பெண்களை அனுமதித்தால் பிரியும். அது பதினொன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட கதை.

குறிப்பு, 10 ஜூலை 2023, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதற்கு ஓர் எல்லை சொல்ல வேண்டும். கோவையாகப் பிரியாதது, எண்களை இட்டபின் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு 1729-ஐ விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. லண்டனில் பட்னியில் நோயுற்றுப் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் சொல்ல, இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் விடை சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வழிகளையும் நம் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

12³ + 1³ என்றால் (12 + 1)(144 − 12 + 1) = 13 × 133. 10³ + 9³ என்றால் (10 + 9)(100 − 90 + 81) = 19 × 91. 133 என்பது 7 × 19. 91 என்பது 7 × 13. ஆக, 1729 = 7 × 13 × 19. ஒரு வழியில் முதல் அடைப்பாக நின்ற 13, மற்ற வழியில் இரண்டாம் அடைப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. 19-உம் அப்படியே இடம் மாறுகிறது. இதை முதன்முதலாகக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இராமானுஜனின் தொலைந்த குறிப்பேட்டில் (பின்னாளில் கண்டெடுக்கப்பட்ட அவருடைய கையெழுத்துத் தாள்கள்) இதே இனத்தைச் சேர்ந்த 135³ + 138³ = 172³ − 1 என்ற சமன்பாடும் இருக்கிறது. இடப்பக்கத்தைக் கூட்டல் சூத்திரத்தாலும் வலப்பக்கத்தைக் கழித்தல் சூத்திரத்தாலும் பிரித்தால் 273 × 18639 என்றும் 171 × 29757 என்றும் வருகின்றன, இரண்டும் 5088447. இரண்டு சூத்திரங்களையும் ஒரே வரியில் பழகுவதற்கு இதைத் தரலாம்.

குறிப்பு, 13 ஜூலை 2023

எண்களைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னும் ஒன்று. இரண்டு இயல் எண்களின் கனங்களைக் கூட்டினால் பகா எண் கிடைக்குமா? 1 + 1 = 2 என்பதைத் தவிர ஒருபோதும் கிடைக்காது. முதல் அடைப்பு அ + ப எப்போதும் 2 அல்லது அதற்கு மேல். இரண்டாம் அடைப்பை (அ − ப)² + அப என்று எழுதலாம். அது 1 ஆக வேண்டுமானால் இரண்டு எண்களும் 1 ஆக இருந்தே ஆக வேண்டும். கழித்தலில் நிலைமை வேறு: அடுத்தடுத்த எண்களாக இருந்தால் முதல் அடைப்பு 1 ஆகிவிடுவதால் 7, 19, 37, 61 என்று பகா எண்கள் வருகின்றன, அடுத்த 91-இல் அது முறிகிறது. 1001-ஐக் காரணிப்படுத்தத் திணறும் பிள்ளைகளுக்கு அதை 10³ + 1³ என்று காட்டுங்கள்: 11 × 91, அதாவது 7 × 11 × 13.

குறிப்பு, 15 ஜூலை 2023

ய⁶ − ப⁶ என்பதை எந்த வழியில் தொடங்குவது என்ற கேள்விக்கு: வர்க்கங்களின் வித்தியாசமாகத் தொடங்குங்கள். (ய³ + ப³)(ய³ − ப³) என்று பிரிந்து, நம் இரண்டு சூத்திரங்களும் ஆளுக்கொன்றாகப் பயன்பட்டு, (ய + ப)(ய² − யப + ப²)(ய − ப)(ய² + யப + ப²) என்று முடிகிறது.

கனங்களின் வித்தியாசமாகத் தொடங்கினால் (ய² − ப²)(ய⁴ + ய²ப² + ப⁴) என்று வரும். பலர் முதல் அடைப்பை மட்டும் பிரித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்; "இரண்டாம் அடைப்பு மேலும் பிரியாது" என்று படித்ததை இங்கும் பொருத்திவிடுகிறார்கள். இங்கே அது பிரியும். ய²ப² என்பதை ஒரு முறை கூட்டிக் கழித்தால் (ய² + ப²)² − (யப)² ஆகிறது. அது (ய² + யப + ப²)(ய² − யப + ப²). 10 ஜூலை குறிப்பில் தன்மைகாட்டியை வைத்துச் சொன்னது இருபடிக் கோவைக்கு உரியது. இது நான்காம் படி. அந்த வாதம் இதற்குச் செல்லாது.

குறிப்பு, 18 ஜூலை 2023

(அ + ப)³ என்பதிலிருந்து 3அப(அ + ப) என்பதைக் கழித்து அ³ + ப³ என்பதைப் பெறும் வழியை நான் ஏன் சொல்லவில்லை என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அதுவும் நல்ல வழிதான்; (அ + ப) இரண்டு உறுப்புகளிலும் வெளிப்படையாக நிற்பதால், அதை வெளியே எடுத்தால் உள்ளே (அ + ப)² − 3அப மீந்து, அ² − அப + ப² ஆகிறது. அ³ + ப³ என்பதை (அ + ப)³ என்று எழுதிவிடும் மாணவர்களுக்கு இதுவே சரியான மருந்து, இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை அந்த 3அப(அ + ப) அளந்து காட்டிவிடுகிறது.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் கனம் காண்பதற்குச் சொல்லும் முறைகளுள் ஒன்றும் இதே உறவுதான்: எண்ணை இரண்டு கூறுகளாகப் பிரித்து, எண்ணையும் இரு கூறுகளையும் பெருக்கி மூன்று மடங்காக்கி, கூறுகளின் கனங்களைச் சேர்க்க வேண்டும். 12-ஐ 10 + 2 என்று பிரித்தால் 3 × 12 × 10 × 2 = 720; அதோடு 1000-உம் 8-உம் சேர்ந்து 1728.

முதலில் எதைக் கற்பிப்பது என்பதில் மட்டும் என் எண்ணம் மாறவில்லை. பூச்சியமாக்கும் மதிப்பைத் தேடும் வழியை முன்வைக்கிறேன், ஏனென்றால் அது இந்த இரண்டு சூத்திரங்களோடு நின்றுவிடுவதில்லை.

குறிப்பு, 21 ஜூலை 2023

இதனால் பின்னாளில் என்ன பயன் என்று மாணவி கேட்டிருக்கிறாள். பகுதியில் ∛2 − 1 இருக்கும் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். வர்க்க மூலத்துக்குச் செய்வது போல ∛2 + 1 ஆல் பெருக்கினால் மூலக்குறி போகாது. ∛4 + ∛2 + 1 ஆல் பெருக்க வேண்டும். அப்போது பகுதி 2 − 1, அதாவது 1 ஆகிவிடுகிறது. மேல்வகுப்பில் எல்லை காணும்போது (மாறி ஒரு மதிப்பை நெருங்க நெருங்கக் கோவை எதை நெருங்குகிறது என்று பார்க்கும்போது) (ய³ − 8)/(ய − 2) என்பதில் ய 2-ஐ நெருங்கினால் 0/0 என்று முட்டிக்கொண்டு நிற்கும். (ய − 2) என்பதை நீக்கினால் ய² + 2ய + 4 மீந்து, எல்லை 12.

குறிப்பு, 22 ஜூலை 2023

அவளுடைய முதல் கேள்வியின் தொடர்ச்சியாக இன்று வந்த கேள்வி: நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் என்ன நடக்கும்? அ = −ப என்று இட்டுப் பார்க்கட்டும். அ⁴ + ப⁴ என்பது 2ப⁴ ஆகிறது. (அ + ப) காரணி அல்ல. அ⁵ + ப⁵ பூச்சியமாகிறது. ஆகவே (அ + ப) காரணி. முன்பு செய்தது போலவே வேண்டாத உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போனால் (அ + ப)(அ⁴ − அ³ப + அ²ப² − அப³ + ப⁴) வரும். அ⁷ + ப⁷ என்பதை அவளே எழுதட்டும். இரண்டாம் அடைப்பில் ஏழு உறுப்புகள் இருக்க வேண்டும், நடுவில் −அ³ப³ நிற்க வேண்டும்.